சந்தனம் வைத்த ஹெட்

வண்டியை நிறுத்தியதும் சத்யப்ரியா இறங்கிச் செய்கிற முதல் காரியம், சீட்டுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கும் அட்டையை உருவி வண்டிக்கு அடியில் தள்ளுவது. பிஸ்கட் பெட்டியைக் கிழித்த அட்டை. ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து, இன்ஜினுக்கு நேர் கீழே வருகிறதா என்று பார்த்துத்தான் தள்ளுவாள். தக்காளிப் பெட்டி, கத்தரிக்காய் மூட்டை, கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை எல்லாம் அப்புறம்தான். சரக்கை இறக்கி முடித்துக் கிளம்பும்போது அட்டையை இழுத்து வெளிச்சத்தில் பிடிப்பாள். கறுப்பாகச் சொட்டியிருந்தால் ஆயில். "பழைய வண்டின்னா இம்புட்டுக்கூட இல்லாம எப்படிக்கா?" என்று சிரிப்பாள். பச்சையாக ஒரு சொட்டு தெரிந்தால் சிரிப்பு போய்விடும். பச்சை என்றால் கூலன்ட், இன்ஜின் கொதித்துவிடாமல் காக்கிற தண்ணீர். அது வெளியே வந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

எழுமலையிலிருந்து எங்கள் வில்லாபுரத்துக் கடைகளுக்குக் காய்கறி கொண்டுவருகிறவள் அவள். ஊரெல்லாம் குட்டியானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டி. சொந்த வண்டி, ஓட்டுவதும் அவளே. சுடிதாருக்கு மேல் ஆண்கள் போடுகிற காக்கிச் சட்டை. சட்டைப் பையில் டெஸ்டர், சீப்பு, கடலை மிட்டாய். கணவர் செல்வக்குமார் தோட்டம் தோட்டமாகப் போய்க் காயை எடைபோட்டு ஏற்றிவிடுவதோடு சரி. ஓட்டுவது இருக்கட்டும், வண்டியில் ஏறினாலே உசிலம்பட்டி வருவதற்குள் அவருக்கு வாந்தி வந்துவிடும். "அவுகளுக்கு ஏறுனா வாந்தி, எனக்கு எறங்குனா வாந்தி. பொருத்தம் பாத்துத்தான் கட்டிவச்சாக" என்பாள்.

போனை எடுத்தால் யார், என்ன என்று கேட்கிற வழக்கமே கிடையாது. "வாரேன்" என்று சொல்லி வைத்துவிடுவாள். ஒருமுறை, உங்கள் ஊரில் மழையா என்று கேட்பதற்காகச் சும்மா கூப்பிட்டேன். வாயைத் திறப்பதற்குள் "வாரேன்க்கா" என்று வைத்துவிட்டாள். சொன்னபடி சாயங்காலம் வாசலில் வந்தும் நின்றாள். "எதுக்குக்கா கூப்ட்டீக?" என்று கேட்டவளுக்கு மழையைப் பற்றிக் கேட்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு காபி கொடுத்து அனுப்பினேன்.

அந்த 'வாரேன்'தான் அவள் பிழைப்பு. பறித்த தக்காளிக்குப் பொறுமை கிடையாது. காலையில் ஏற்றியது வெயில் ஏறுவதற்குள் கடையில் இறங்கியாக வேண்டும். எழுமலையில் அவளை நம்பிப் பறிக்கிறவர்கள், "சத்யா வண்டி வந்துரும்ல" என்ற ஒரு பேச்சின் மேல்தான் பறிக்கிறார்கள். அந்தப் பேச்சு கெட்டால் வண்டி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் டேஷ்போர்டில் இருக்கிறதல்லவா, அதன் கண்ணாடி மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டியிருக்கிறாள். முள் அந்தப் பொட்டைத் தொட்டால், எந்த இடமானாலும், பின்னால் வருகிறவன் என்ன திட்டினாலும், ஓரங்கட்டி நிறுத்திவிடுவாள். வண்டி வாங்கிய அன்று ஒட்டியது. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். நாமெல்லாம் போனைப் பார்ப்பதுபோல அவள் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ரோட்டப் பாரு தாயே" என்று நானே கெஞ்ச வேண்டியதாயிற்று. இப்பேர்ப்பட்டவளைப் பற்றித்தான் கப்பலூர் லேத்துக்காரர் ஒருவர் வாய் கூசாமல் ஒரு பேச்சுப் பேசினார்.

போன தை மாதம் வண்டியின் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. எனக்கும் இதெல்லாம் தெரியாதுதான். இந்த விவகாரத்தில்தான் கற்றுக்கொண்டேன். ஹெட் என்பது இன்ஜினின் மேலே மூடிபோல உட்காருகிற அலுமினியக் கட்டி. அதற்கும் இன்ஜினுக்கும் நடுவில் கேஸ்கட் என்று ஒரு தகடு. ஹெட்டின் அடிப்பக்கம் மேடுபள்ளம் இல்லாமல் சமமாக இருந்தால்தான் கேஸ்கட் இறுகப் பிடிக்கும், கூலன்ட் உள்ளேயே ஓடும். எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் முத்திருளன் ஹெட்டைக் கழற்றிப் பார்த்து, லேசாக வளைந்திருக்கிறது, லேத்தில் கொடுத்து மேலாகச் சீவிச் சமப்படுத்தினால் போதும் என்றார். கப்பலூரில் காளை என்பவரின் லேத்துப் பட்டறைக்கு அனுப்பினார்கள்.

காளை பட்டறையில் ஒரு வழக்கம். முடித்த வேலையை சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்துத்தான் வெளியே கொடுப்பார்கள். வாங்குகிறவர்கள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இதில் நான் தப்புச் சொல்ல மாட்டேன். புதுச் சாவியை நாமும்தான் சாமி முன்னால் வைக்கிறோம். சத்யப்ரியாவும் ஒற்றிக்கொண்டாள். முத்திருளனைக் கேட்கவே வேண்டாம், வருஷத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு கோயிலுக்கு மாலை போட்டிருக்கிற மனுஷர். பெட்ரோல் நனைத்த துணியால் ஹெட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்துப் பார்த்துத் துடைத்தார். சந்தனம் இருந்த இடத்தை மட்டும் துணி சுற்றிக்கொண்டு போயிற்று. சாமி கும்பிட்டு வைத்ததைப் பெட்ரோல் துணியால் அழிக்கிறதா? கன்னத்தில் போட்டுக்கொண்டு, கேஸ்கட்டை வைத்து, ஹெட்டைப் பூட்டிவிட்டார்.

ஒரு வாரம் தாங்கவில்லை. செக்கானூரணி தாண்டி, புளியமரத்தடியில், தக்காளி லோடோடு நின்றாள். முள் பொட்டைத் தொட்டதும் நிறுத்திவிட்டாள்; கீழே பார்த்தால் பச்சை. அன்றைக்குத்தான் அந்த அட்டை வண்டிக்குள் ஏறியது. முத்திருளன் தன் வேலையில்தான் குறை என்று நினைத்துப் புதுக் கேஸ்கட் போட்டார். அதுவும் ஒழுகியது. ஹெட் மறுபடியும் கப்பலூருக்குப் போனது. காளை பார்த்தார், சில நாள் வைத்திருந்தார், மறுபடியும் சந்தனம் வைத்துக் கொடுத்தார். மறுபடியும் ஒழுகியது.

ஒழுகினதோடு விட்டிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். அந்த ஆள் வாய் சும்மா இருந்ததா? பட்டறைக்கு வருகிற லோடு வண்டிக்காரர்களிடமெல்லாம், "ஹெட்டுல ஒரு குத்தமும் இல்லப்பா. பொம்பள ஓட்டுற வண்டி. சூடு ஏறுறது தெரியாம மிதிச்சிருக்கும். அதுக்கு லேத்துக்காரன் என்னா செய்வான்?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தை அப்படியே எழுதினால் இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள். ஆண் ஓட்டுகிற வண்டி நின்றால், "சனியன் பிடிச்ச வண்டி" என்பார்கள். இவள் வண்டி நின்றால் மட்டும் ஓட்டுகிறவளைச் சொல்வார்களாம்! அவள் ஒரு தக்காளியை எழுமலையிலிருந்து இங்கே கொண்டுவருவதற்குள் இந்தப் பேச்சு இங்கிருந்து எழுமலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு தோட்டக்காரர்கள் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள்.

"நீ போய் நாலு கேள்வி கேக்க வேண்டாமா?" என்று நான் கத்தினேன்.

"என்னத்தக்கா கேக்க? தப்பு எங்கன்னு தெரியாம கேட்டா, பாத்தியா, சண்டைக்கும் வந்துட்டான்னு அதையும் சேத்துல்ல சொல்லுவாக" என்றாள். சொல்லிவிட்டுப் பக்கத்து சீட்டுக்குக் கீழே தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒழுகுகிற வண்டியை நிறுத்தி நிறுத்தி, ஊற்றி ஊற்றி ஓட்டினாள்.

அவளிடம் அதிகமாக லோடு போடுகிறவர் ரெங்கம்மாள். தக்காளியும் கத்தரியும் போடுகிற பெரிய தோட்டக்காரி, கறாரான பேச்சு. ஒரு நாள், "நானும் வாரேன். நீ என்னதான் செய்யிறன்னு பாக்குறேன்" என்று தன் லோடோடு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கும் அவனியாபுரத்துக்கு முன்னால் முள் பொட்டைத் தொட்டது. சத்யப்ரியா நிறுத்தினாள், ஆறவிட்டாள், தண்ணீர் ஊற்றினாள், மறுபடி எடுத்தாள். வில்லாபுரம் வந்து சேரும்போது வெயில் சுள்ளென்று இருந்தது. கடைக்காரர்கள் தக்காளியை அமுக்கிப் பார்த்துவிட்டுப் பாதி விலை கேட்டார்கள்.

நான் அப்போது பை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ரெங்கம்மாள் என் காதுபடத்தான் சொன்னார்: "ஏத்தா, மனசுல வச்சுக்காத. நாளையிலருந்து நான் வேற வண்டி பாத்துக்கிறேன்."

"அத்த, முள்ளு ஏறுனதும் நிறுத்துனேன்ல. நீங்கதான் பாத்தீகள்ல?"

"பாத்தேன். இன்னைக்கு நான் ஒக்காந்திருக்கேன்னு நிறுத்துன. நான் இல்லாத அன்னைக்கு என்னத்தக் கண்டேன்?"

சத்யப்ரியாவின் முகம் செத்துப்போய்விட்டது. சண்டைபோட வாயெடுத்த என்னையும் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். வண்டியை நேராக முத்திருளன் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய், "அண்ணே, ஹெட்டக் கழத்துங்க. இன்னைக்குக் கூடவே நின்னு பாக்குறேன்" என்றாள். ரெங்கம்மாளுக்கு ஊருக்குத் திரும்ப வேறு வழியில்லை. அவரும் பட்டறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் பையும் கையுமாக நின்றேன். தக்காளி வாங்க வந்த நினைப்பே எனக்கு இல்லை.

முத்திருளன் ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டார். கேஸ்கட்டை உரித்தார். சந்தனம் சூட்டில் வெந்து, பழுப்பு நிறத்தில் பொருக்காக ஒட்டியிருந்தது. சத்யப்ரியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, போன தடவையும் சந்தனம் இங்கனதான இருந்துச்சு?"

"ஆமா. ரெண்டாவது சிலிண்டரு பக்கத்துல."

"அதுக்கு முந்தி?"

முத்திருளன் யோசித்தார். "அப்பயும் அங்கனதான் தங்கச்சி. ஏன்?"

"அம்புட்டுப் பெரிய ஹெட்டுல சாமிக்கு இந்த ஒரு எடம்தான் பிடிக்குமாண்ணே?"

அவர் "தொடாத, தொடாத" என்று சொல்லச் சொல்ல, அவள் கட்டைவிரலை நனைத்து அந்தச் சந்தனத்தைத் தேய்த்தாள். பொருக்கு உதிர்ந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு பசை, பாதி கரைந்து நின்றது. வண்டிச் சாவியின் முனையால் அதைச் சுரண்டினாள். அவ்வளவுதான், குட்டு வெளிப்பட்டுவிட்டது. கூலன்ட் வருகிற துவாரத்திலிருந்து ஹெட்டின் வெளி ஓரம் வரைக்கும் ஒரு பள்ளம். நகத்தை வைத்தால் நகம் உள்ளே போகிறது. சீவுகிற உளி அந்த ஒரு இடத்தில் ஆழமாகக் கடித்துவிட்டிருக்கிறது. தோட்டத்துக்கு வாய்க்கால் வெட்டிவிட்ட மாதிரி, கூலன்ட் வெளியே வருவதற்கென்றே வழி போட்டுக் கொடுத்திருக்கிறார் அந்தப் புண்ணியவான்.

கை தவறலாம். இயந்திரம் தவறலாம். நடந்துபோச்சு என்று சொல்லி வேறு ஹெட் கொடுத்திருந்தால் யார் என்ன சொல்லியிருக்கப் போகிறார்கள்? பள்ளத்தில் பசையை அப்பி, அதன்மேல் சந்தனத்தை வைத்து, யாரும் துடைக்க மாட்டார்கள் என்று தெரிந்தே கொடுத்திருக்கிறார்! இரண்டாவது தடவை தேடி வந்தபோதும் அதையே செய்திருக்கிறார். தன் திருட்டுத்தனத்துக்குச் சாமியைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு, பழியைத் தூக்கி ஒரு பெண் தலையில் போட்டிருக்கிறார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! 'அவர்' என்றே எழுதுகிறேன். வயதில் மூத்தவராயிற்றே, அதனால்.

முத்திருளன் பழைய டயர் ஒன்றின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "சாமிய வச்சுல்ல மூடியிருக்கான். நானும் கன்னத்துல போட்டுக்கிட்டுல்ல பூட்டுனேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

சத்யப்ரியா ஹெட்டை ஒரு சாக்கில் சுற்றி, அணைத்துத் தூக்கினாள். "அத்த, நீங்களும் வாங்க" என்று ரெங்கம்மாளைக் கூப்பிட்டாள். "நான் சொன்னா நம்ப மாட்டீக. அவரு வாயாலயே கேளுங்க." ஓர் ஆட்டோ பிடித்தோம். அவள், ரெங்கம்மாள், முத்திருளன், நான். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, ஆத்திரம்தான் ஏற்றிவிட்டது. வழி முழுக்க நான்தான் புலம்பிக்கொண்டு போனேன். அவள் மடியில் ஹெட்டை அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

காளை வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாகப் பட்டறை மேஜையில் உட்கார்ந்திருந்தார். வேலை கொடுக்க வந்த டிரைவர்கள் மூன்று நான்கு பேர் பெஞ்சில் இருந்தார்கள். எங்களைப் பார்த்ததும், "வாம்மா. என்ன, மறுபடியும் சூடாக்கிட்டியா?" என்று அவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

அவள் சாக்கைப் பிரித்து, பள்ளம் மேலே தெரியும்படி ஹெட்டை அவர் மேஜையில் வைத்தாள். "இது என்னண்ணே?"

காளை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை. "கேஸ்கட்டு சரியாப் போடல. கூலன்ட் அரிச்சிருக்கு."

"அரிச்சா இப்படி உளி பிடிச்ச மாதிரி நேர்கோடாவாண்ணே அரிக்கும்?" என்றார் முத்திருளன்.

"நீ பேசாத முத்திருளா. ஒனக்கு போல்ட்டு முறுக்கத் தெரியல, அந்தம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியல, பழி எனக்கா? இது சாமி இருக்குற எடம். இங்க உக்காந்துக்கிட்டு நான் பொய் சொல்ல மாட்டேன். வண்டியச் சூடாக்கிக் கெடுத்தது அந்தம்மாதான்."

பெஞ்சில் இருந்த ஒருவன் சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ரெங்கம்மாள் காளையையும் சத்யப்ரியாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாமி இருக்குற எடம்தானண்ணே?" என்று கேட்டாள் சத்யப்ரியா. கேட்டுவிட்டு நேராகச் சுவரில் இருந்த சாமி மாடத்துக்குப் போனாள். சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்த சூடப் பாக்கெட்டையும் தீப்பெட்டியையும் எடுத்தாள்.

"ஏய், ஏய்! பொம்பள கண்ட நேரத்துல சாமி மாடத்துல கை வைக்கிறதா?" என்று காளை எழுந்தார்.

அவள் காதில் வாங்கவில்லை. ஹெட்டின் பள்ளத்தில் ஒரு சூடத்தை வைத்துப் பற்றவைத்தாள். எங்கள் பக்கத்தில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வது விளையாட்டுக் காரியமில்லை. சொல்வது உண்மை என்றால், எரிகிற சூடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அணைக்க வேண்டும். பொய்யாக அணைத்தால் குடும்பம் விளங்காது என்று பயப்படுவார்கள். கோர்ட்டில் கூசாமல் புளுகுகிறவன்கூட சூடத்துக்கு முன்னால் வந்தால் எச்சில் விழுங்குவான்.

"அண்ணே, உங்க வேலையில குத்தமில்ல, பொம்பள சூடாக்குனதுதான்னு சொல்லி இத அணைங்க. நான் இப்பவே தூக்கிட்டுப் போயிர்றேன். இனி இந்த வாசலுக்கே வரல."

உள்ளே ஓடிக்கொண்டிருந்த லேத்தை யாரோ நிறுத்தினார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து மேஜையைச் சுற்றி வந்துவிட்டார்கள். சிரித்தவனும் வந்து நின்றான். காளையின் வலது கை மேஜையை விட்டு மேலே வந்தது, சூடம் வரைக்கும் வரவில்லை. சட்டைப் பைக்குப் போய்க் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தது. தலைக்கு மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. சுடர் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. அது தானாக அணைந்துவிடாதா என்று அந்த மனுஷர் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

ரெங்கம்மாளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சுவரோரம் போய்க் காற்றாடியை நிறுத்திவிட்டு வந்தார். "இப்ப அணைங்க" என்றார்.

சூடம் நின்று, நேராக எரிந்து, தீர்ந்தது. பள்ளத்தில் கரி மட்டும் மிஞ்சியது. காளை கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

சத்யப்ரியா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பாக்கெட்டிலிருந்து இன்னொரு சூடத்தைத் தட்டி எடுத்து, அதே பள்ளத்தில் வைத்து, "இது எனக்கு அத்த, நீங்க இல்லாத அன்னைக்கும் நிறுத்துனேன்னு" என்று சொல்லித் தீக்குச்சியை உரசினாள்.